மாவுக்கட்டில் ஒரு பூனை

ஒரு பூனைக்காக என் மகளின் காலில் கை வைக்க வந்தான் அந்த ஆள்.

இன்னும் கையால் காமிக்ஸ் வரைகிறவள் நான் ஒருத்திதான். என் ஒரிஜினல் பக்கங்களை ஒரு பெரிய மனிதர் வாங்கிச் சேர்க்கிறார். இவன் அவருடைய ஆபீஸ் ஆள், பெயர் திரவியம். கையில் மாவுக்கட்டு அறுக்கும் மெஷின் இருந்தது.

"பாப்பா கட்டுல உங்க காமிக்ஸ்ல வர்ற இன்ஸ்பெக்டர் பூனையை வரைஞ்சிருக்கீங்க மேடம். ஸ்கூல் குரூப்ல போட்டோ பார்த்தோம்."

"கால் உடைஞ்சு அழுதுட்டே இருந்தா. சிரிக்க வைக்க வரைஞ்சேன்."

"பத்து வருஷத்துக்கு உங்க கை வரையுறது எல்லாமே சாருக்குத்தான்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே."

"இப்பப் பிரிச்சா எலும்பு விலகிடும்யா! இன்னும் மூணு வாரம் இருக்கு."

"அதுக்குள்ள தண்ணி பட்டுப் பூனை அழிஞ்சிட்டா?"

என் மகள் ஆக்னஸ் போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். அவன் கட்டிலருகே மண்டியிட்டு, "பயப்படாத கண்ணு" என்று மெஷினை ஓடவிட்டான்.

நான் மார்க்கரை எடுத்தேன். அவன் தாடையைப் பிடித்துத் திருப்பி, கன்னத்தில் நாலே கோட்டில் அதே பூனையை வரைந்தேன். கீழே கையெழுத்தும் போட்டேன்.

"இதுவும் ஒரிஜினல்தான். முதல்ல இதை உரிச்சு உங்க சார்கிட்ட கொடுத்துட்டு வா."