மையில் ஊறிய பற்கள்

1941இல் பல் டாக்டர் யாக்கூப் வாழவந்தி நாடு என்ற மலை ஊரில் முகாம் போட்டிருந்தார். பல்லின் வேருக்குள் உள்ள துளையை எப்படி அடைத்தால் கசியாது என்று பார்க்க, தாம் பிடுங்கிய இரண்டு பற்களை எடுத்துக்கொண்டார். பொன்னாயியின் பல்லில் வேரை அடைக்கும் பிசின் குச்சியைச் சூடாக்காமல் அப்படியே செருகினார். அவள் புருஷன் கருப்பண்ணனின் பல்லில் பிசினைச் சூடாக்கி இறுக்கி அடைத்தார். எது கசிகிறது என்று தெரிய, இரண்டையும் நீல மையில் போட்டு வைத்தார்.

மறுநாள் காலை பொன்னாயி ஓடி வந்தாள்.

"ஏனுங்க டாக்டருங்க, எச்சிலு நீலமா வருதுங்க. உசுருக்கு ஏதாச்சும் ஆயிருமுங்களா?"

வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். பல் போன இடத்தில் மை ஊறிக்கொண்டிருந்தது.

"உன் ஊட்டுக்காரருக்கு?"

"அவரு வெள்ளையாத்தானுங்க துப்பறாரு."

யாக்கூப் மைக் கிண்ணத்தருகே ஓடினார். அவள் பல்லை எடுத்துக் கழுவினார். பழைய பிசினை நோண்டி எறிந்துவிட்டு, சூடான பிசினை இறுக்கி அடைத்து மறுபடியும் மையில் போட்டார். பொன்னாயி வாய் கொப்பளித்தாள். தண்ணீர் தெளிவாக விழுந்தது.

"போயிருச்சுங்க சாமி!" என்று சிரித்தாள். அவருக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

மை எதுவரை இறங்கியது என்று அறிய, கடைசியில் பற்களை உளியால் பிளந்து பார்ப்பதுதான் முறை. யாக்கூப் உளியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். பற்களைப் பஞ்சில் சுற்றி அவள் கையிலேயே கொடுத்தார்.

"பத்திரமா வெச்சுக்கம்மா. கீழே போட்டுறாதே."