கருணை மதிப்பெண்

மைக்கைப் பிடித்திருந்த கல்லூரி முதல்வர், கடைசியாக ஒரு நல்ல செய்தி பாக்கி இருக்கிறது என்றார்.

மேடையில் கோப்பைகளுக்குப் பின்னால் நின்ற கூடைப்பந்து அணி அப்போதும் தங்களுக்குள் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தது. இந்த வருடம் அவர்கள் ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. வாசலில் கட்டிய பேனரில் அவர்களுடைய தலைகள் கல்லூரியின் பெயரையே மறைத்துவிட்டிருந்தன.

"நம்ம கேப்டனுக்கு ஒரே ஒரு பேப்பர்தான் நின்னுச்சு. புள்ளியியல் துறைக்கு இதுல சம்மதம் இல்ல. பரவாயில்ல. ஆட்சிக்குழு கருணை மதிப்பெண் குடுத்து பாஸ் போட்டுடுச்சு. இன்னையிலேர்ந்து அவர் பட்டதாரி."

அரங்கம் அதிர்ந்தது. "ஏணி, ஏணி" என்று கேப்டனின் பட்டப்பெயரைச் சொல்லிக் கத்தினார்கள்.

நாற்காலியில் இருந்த பயிற்சியாளரும் கை தட்டினார். தட்டிக்கொண்டே, அடுத்த மாதத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணினார்.

அடுத்த மாதம் கல்லூரிகளுக்கு இடையிலான இறுதிச் சுற்று. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் கண் வைத்திருந்த கோப்பை. அதில் மாணவர்கள் மட்டும்தான் ஆடலாம். ஒரு பேப்பர் நிற்கும்வரை ஏணி மாணவன். பாஸாகிவிட்டால் பார்வையாளன். ஏணி இல்லாவிட்டால் முதல் ஆட்டத்திலேயே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

முதல்வருக்கு இந்த விதி தெரியாது. பயிற்சியாளரோ இரண்டு வருடமாக இந்த விதியில்தான் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள், பந்துகள் வைக்கும் அறையில் வைத்து, மென்று விழுங்கி ஏணியிடம் சொன்னார்: "புள்ளியியலை இப்ப முடிச்சுடாதடா. நீ போயிட்டா டீமே கிடையாது."

ஏணி தலையைக் குனிந்துகொண்டான். அந்தத் தேர்வில் பெயிலானான்.

பயிற்சியாளருக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாளே அவனுக்கு நல்ல ஷூ ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தார். அடுத்த முறை பெயிலானபோது டிராக் சூட். அதற்கும் அடுத்த முறை கேப்டன் பதவி. கொடுக்கும்போது இவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வாங்கும்போது அவன் தலையைக் குனிந்துகொள்வான். அதைப் பற்றி இருவரும் வாயே திறந்ததில்லை.

ஒரு பையனின் பட்டத்தைத் தின்றுதான் தன் அணி வளர்கிறது என்று அவருக்கு உறுத்தியது. தன் ஒரு சொல்லுக்காக ஒருவன் இவ்வளவு செய்கிறானே என்று பெருமையாகவும் இருந்தது. எது அதிகம் என்று அவர் யோசித்துப் பார்த்ததில்லை.

புள்ளியியல் பேராசிரியையை நினைத்தால்தான் பாவமாக இருக்கும். சனிக்கிழமைதோறும் ஏணியை உட்கார வைத்துத் தொண்டை வற்றப் பாடம் நடத்துவார். வேண்டுமென்றே கோட்டை விடுகிறவனுக்கு இந்தம்மா இப்படி மெனக்கெடுகிறாரே என்று பயிற்சியாளர் உள்ளுக்குள் சிரித்ததும் உண்டு.

பேராசிரியை இப்போது முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அரங்கத்தில் கை தட்டாதவர் அவர் ஒருவர்தான்.

மேடையில் ஏணி அழுதுகொண்டிருந்தான். ஜெர்சியை இழுத்து முகத்தைத் துடைக்கத் துடைக்கக் கண்ணீர் வந்துகொண்டே இருந்தது.

பயிற்சியாளர் எழுந்து போய்த் தோளில் கை போடப் பார்த்தார். எட்டவில்லை. முதுகில் வைத்துக்கொண்டார்.

"அழாதடா. இறுதிச் சுற்று போனா போகுது. எனக்காக மூணு தடவை வேணும்னே பெயிலானியே, அது போதும்."

ஏணி குனிந்து அவரைப் பார்த்தான்.

"வேணும்னே இல்ல சார். பட்டம் வாங்கிடுறேன்னு அம்மாவுக்கு வாக்குக் குடுத்திருந்தேன். உங்க பேச்சைக் கேக்காம மூணு தடவையும் விழுந்து விழுந்து படிச்சுதான் எழுதினேன். மண்டையில ஏறல." மூக்கை உறிஞ்சினான். "நீங்க ஷூவை நீட்டினப்ப நிமிர்ந்து பாக்கவே முடியல சார். உங்களுக்குத் துரோகம் பண்ணிட்டோமேன்னு இருந்துச்சு."

அதற்குள் முதல்வர் பயிற்சியாளரின் கையில் மைக்கைத் திணித்துவிட்டார். வெற்றியின் ரகசியத்தைச் சொல்லியே ஆக வேண்டுமாம்.

தியாகம் என்ற சொல் பல இடங்களில் வரும் உரை ஒன்றைப் பயிற்சியாளர் பல நாட்களாக மனத்துக்குள் தயாரித்து வைத்திருந்தார். அதில் ஒரு வரிகூட இப்போது உதவாது. தொண்டையைச் செருமிக்கொண்டார். முன்வரிசையைப் பார்த்தார்.

"இந்த வருஷ வெற்றிக்கு முழுக் காரணம் நம்ம புள்ளியியல் துறைதான்."

அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. முதல்வர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

பேராசிரியை சிரிக்கவில்லை. கட்டியிருந்த கைகளைப் பிரித்து, நிதானமாகத் தட்ட ஆரம்பித்தார்.