தட்டினால் வரும் குட்டிகள்

தூண்டில் போட்டியில் பிடித்த சினைச்சுறாவைத் திரும்பக் கடலில் விடாவிட்டால், அதன் வயிற்றிலுள்ள குட்டிகளை, சுறாவைப் பிடித்தவனே வளர்த்துக் கடலில் விடவேண்டும் என்று சட்டம் வந்திருந்தது.

லெஸ்லி வீட்டுக்குப் போட்டியில் வென்ற கோப்பையோடு நாலு குட்டிகளும் வந்து சேர்ந்தன. அவன் மனைவி ஜெசிந்தா, தொட்டியைத் தட்டித் தட்டி இரை போட்டு வளர்த்தாள்.

இன்று படகில் கொண்டுபோய்க் கடலில் விட்டார்கள்.

"எல்லாம் போயிட்டு," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போது பக்கத்துத் தூண்டில் படகில் ஒருவன் ஏதோ பாட்டுக்குத் தாளமாகப் பலகையைத் தட்டினான். நாலும் அங்கே பாய்ந்தன.

"இதுகளோட தாயி கடைசிவரைக்கும் மல்லுக்கட்டிச்சு," என்றான் லெஸ்லி மெதுவாக.

ஜெசிந்தா தங்கள் படகைப் பலமாகத் தட்டினாள். நாலும் திரும்பி வந்து அவள் கையடியில் சுற்றின.

அந்தப் படகு நகர்வதாக இல்லை. அவளும் தட்டுவதை நிறுத்தவில்லை.