ஐந்து மீட்டர் பதிமூன்று

ஒரு சென்டிமீட்டராவது குறையட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

மாவட்ட நீளம் தாண்டும் போட்டியில் தன் மாணவிக்கு இப்படி வேண்டிக்கொள்ளும் பி.டி. வாத்தியார் நெய்வேலியிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஹரிணி மணல் குழியிலிருந்து எழுந்து என்னைத்தான் பார்த்தாள். தாண்டியது செல்லும் என்று வெள்ளைக் கொடி உயர்ந்தது. இரண்டு பேர் டேப்பை இழுத்துப் பிடித்தார்கள்.

இரண்டு வருஷமாக நான் யாரையும் திட்டுவதில்லை. நல்லதை முதலில் சொல்வேன். திருத்தத்தைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வேன். குவார்ட்டர்ஸ் அம்மாக்களுக்கெல்லாம் என்மேல் தனி மரியாதை.

கூடவே ஒரு சின்னப் பொய்யும் உண்டு. பயிற்சியில் அளந்ததைவிடக் கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிடுவேன். பிள்ளைகளுக்குத் தெம்பு வரும்.

நான்கு எழுபது தாண்டிய ஹரிணியிடம் நான்கு எண்பத்தாறு என்றேன். அடுத்த போட்டியில் சரியாக அதையே தாண்டினாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

வடலூர் போட்டிக்கு முன்னால் நான்கு தொண்ணூற்று மூன்று என்றேன். அங்கேயும் டேப் அதையேதான் காட்டியது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் நேற்று வேண்டுமென்றே, அவளால் முடியவே முடியாத தூரத்தைச் சொன்னேன். ஐந்து மீட்டர் பதிமூன்று. இதுவாவது பொய்யாகப் போகவேண்டும்.

மைன்ஸில் இரண்டு மணி ஷிப்ட்டுக்குச் சங்கு ஊதியது. நடுவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

ஐந்து பதிமூன்று என்று மைக்கில் அறிவித்தார்கள்.

காலெல்லாம் மணலோடு ஹரிணி ஓடிவந்தாள்.

"நீங்க எது சொன்னாலும் அப்படியே நடந்துடுது சார்."

அவள் தலையில் வைக்கப்போன கையை எடுத்துக்கொண்டேன். பயமாக இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே குழியருகே பிரவீன்குமார் நின்றிருந்தான். மந்தாரக்குப்பத்துப் பையன். மூன்றாவது தடவையும் பலகையைத் தாண்டி மிதித்து ஃபவுல் ஆக்கிவிட்டான். எல்லோர் முன்னாலும் அவனிடம் கத்தினேன்.

"நாளையிலேருந்து உன் மூஞ்சிய நான் பாக்கவே கூடாது."

மறுநாள் காலை அப்படியும் பயிற்சிக்குத்தான் சைக்கிளில் வந்துகொண்டிருந்தான். லாரிக்காரன்மேல்தான் தப்பு என்றார்கள். இன்றுவரை நானும் அதைத்தான் நம்பினேன்.

அன்று பூமாலையோடு அவன் வீட்டுக்குப் போனேன். முகத்துத் துணியை விலக்க வேண்டாம் சார் என்று அவன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.