மிச்சம் இரண்டு படம்

“அசையாதீங்க,” என்றாள் கௌசலா, கேமராவைத் தூக்கியபடி.

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டின் வெள்ளைச் சுவரோரம் அவள் கணவர் சிவேந்திரன் நின்றார். காலடியில் ஆஸ்பத்திரிக்கான பை.

“கீழ கிராப் கார் காத்துக்கிட்டு இருக்கு லா. போற நேரத்துல எதுக்கு இது?”

“ரோல்ல ரெண்டு படம்தான் மிச்சம். முடிச்சாத்தான கழுவக் குடுக்க முடியும்.”

பொய். டாக்டர் நேற்று அவளை மட்டும் தனியே கூப்பிட்டுப் பேசியிருந்தார். நாளைய அறுவைச் சிகிச்சையை இந்த இதயம் தாங்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அதை அவள் கணவரிடம் சொல்லவில்லை.

ஊரையே படம் எடுத்த சிவேந்திரன், தன்னை எடுக்க யாரையும் விட்டதில்லை. போனை நீட்டினாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். ரவாங்கில் அவருடைய அண்ணன் இறந்தபோது ஐசி அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாட்டினார்கள். மாலைக்கு நடுவே அண்ணன் இல்லை, யாரோ ஒருவர் இருந்தார். அப்படியொரு முகத்தோடு தன்னால் ஒரே வீட்டில் இருக்க முடியாது என்று கௌசலா இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அதனால்தான், யாரையும் தொடவிடாத அவருடைய பழைய பிலிம் கேமராவைத் தோலுறையிலிருந்து அவளே எடுத்தாள். அவர் தடுக்கவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

லென்ஸோடு சேராமல், அதற்கு மேலே ஓரமாகத் தனியே இருந்த சின்ன ஜன்னலில் கண்ணை வைத்தாள். அவர் முகம் இரண்டாகத் தெரிந்தது. வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் நகர்ந்து, ஒன்றின்மேல் ஒன்று படிந்து, ஒரே முகமானது. காதோரத்து நரைகூடத் துல்லியமாக இருந்தது.

சிவேந்திரன் கேமராவையே பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், உதட்டை மூடிக்கொண்டார்.

“சிரிக்கணுமா, வேணாமா?”

“எப்பவும் போல இருங்க.”

கிளிக். பிலிமை நகர்த்தினாள். மறுபடி கிளிக். அதற்குமேல் பிலிம் நகரவில்லை.

கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். நாளை என்ன நடந்தாலும் இந்த முகம் இதற்குள் இருக்கிறது.

கதவைப் பூட்டிவிட்டு வந்தபோது லிப்ட் திறந்திருந்தது. சிவேந்திரன் உள்ளே போகவில்லை. அவள் கழுத்தில் தொங்கிய கேமராவை நோக்கிக் கையை நீட்டினார். லென்ஸை இத்தனை நேரமும் பொத்தியிருந்த கறுப்பு மூடியைக் கழற்றி, அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினார்.

“மாலை போடற படத்துக்கு என்ன அவசரம், கௌசி? நான் வந்ததும் எடு.”