மூன்று மணி வரை மௌனம்

மூன்றாம் முறையாக அருளாயி கொல்லைக்குப் போனாள்.

தாயார் நிமிராமலே அதைக் கவனித்தாள். மடியில் பழைய வேட்டி. புண்ணுக்குக் கட்டுப்போட அதைக் கிழித்துக்கொண்டிருந்தாள். எதிரே மதலேன், கிழித்ததைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை, ஆண்டவர் சிலுவையில் தொங்கிய நேரம். சபையில் ஒருத்தியும் வாய் திறக்கக் கூடாது.

சபை என்ன பெரிய சபை, மூன்று பெண்களும் ஓர் ஓலைக் கூரையும்தான். தலைவி என்பதால் அவள் தாயார், மற்ற இருவரும் பிள்ளைகள். ஆனாலும் சட்டம் சட்டம்தான். எழுதியவளே அவள்தான்.

ஓராண்டு ஒன்றும் பிசகாமல் இருந்து காட்டுங்கள், பிறகு அங்கீகாரம் என்று ஆயர் சொல்லியிருந்தார். இன்னும் பதினோரு நாள். அவர் கேட்டால் பொய் சொல்ல அவளுக்கு வராது. சபையைக் கலைத்துவிட்டால் உப்பளத் தெருவின் வாந்திபேதிக்காரர்களை எட்டிப் பார்க்க ஒரு நாதி இருக்காது.

நோயாளி வாசலுக்கு வந்தால் பேசலாம் என்று விலக்கு எழுதியிருந்தாள்.

வீட்டுக்குள்ளேயே நோய் வரும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. என்ன அகங்காரம்!

அருளாயி சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். சேலைக் கரை நனைந்திருந்தது.

பாயில் உட்கார்ந்து தன் பங்குத் துணியை எடுத்தாள். கிழிக்க வலுவில்லை. கண்கள் உள்ளே போயிருந்தன. காலையில் அப்படி இல்லை.

உப்பளத் தெருவில் இந்த முகத்தைத் தாயார் பார்த்திருக்கிறாள். காலையில் பார்த்த முகங்களை மாலையில் புதைத்திருக்கிறாள்.

மணி ஒன்றரை.

பதினோரு நாள். பதினோரே நாள்.

போகட்டும் சபை.

"ஏட்டி அருளாயி! எப்ப இருந்து இப்படிப் போவுது? வாயத் தொறந்து சொல்லு!"

அவள் குரல் அவளுக்கே பயமாக இருந்தது.

அருளாயி பதறிப்போனாள். தாயாரே சட்டத்தை மீறுவதா? அவசரமாக விரலை உதட்டில் வைத்தாள். கண்ணால் கெஞ்சினாள்.

விரல் நகம் நீலம் பாரித்திருந்தது.

தாயார் பாய்ந்துபோய் அந்தக் கையைப் பிடித்தாள். சில்லிட்டிருந்தது.

"மதலேன், கஞ்சித் தண்ணியும் உப்பும் கொண்டா! ஓடு!"



திரும்பினாள்.

மதலேனின் பாய் காலியாகக் கிடந்தது. கொல்லைக் கதவு திறந்திருந்தது; வெளியே ஓங்கரிக்கும் சத்தம்.