பஸ்ஸா, வளைவா?

"பஸ்ஸாவது மண்ணாவது! எங்க வீட்டுல கார் நிக்கி" என்றார் சிவசைலம், கதவைப் பாதி மட்டும் திறந்து.

ஹமீது பீவிக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. டவுணில் வீடு வீடாகச் சேலை விற்றுப் பிழைப்பவள். எப்பேர்ப்பட்ட கறார் ஆளையும் பேசிப் படிய வைத்துவிடுவாள். இவரிடம் மட்டும் பேச்சு எடுபடவில்லை.

"உங்களுக்குக் கார் நிக்கி அண்ணாச்சி. எம் மவ ஷம்ஸியாவுக்கு? ஆஸ்பத்திரியில நர்ஸ் வேலை. இருட்டிட்டா ஆட்டோக்காரன் இந்தப் பக்கமே வரமாட்டேங்கான். 'பஸ் வரலேன்னா அவளை வேலைய விட்டு நிப்பாட்டு'ன்னு அவ வாப்பா துபாய்ல இருந்து சொல்லிட்டாக."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"நாளைக்கு வார்டு கூட்டம். வந்திருக்க பணத்தை மினி பஸ் விடக் குடுக்கதா, தெருமுனையில அலங்கார வளைவு கட்டதான்னு கை தூக்கச் சொல்லுவாங்க. பெரிய வீட்டு ஆளு நீங்க தூக்கினா நாலு பேரு தூக்குவான்லா?"

பீவி சேலை மூட்டையை அவிழ்த்தாள்.

"மதினிக்குப் பிடிச்ச சேலைய எடுத்துக்கிடட்டும். துட்டு வேண்டாம்."

"எனக்கே லஞ்சமாட்டி? போ, போ!"

கதவு சாத்திக்கொண்டது.

'காரு வச்சிருக்கவனுக்கு அடுத்தவன் கால்வலி எங்க தெரியப் போவுது' என்று திட்டிக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் மண்டபத்தில் நல்ல கூட்டம்.

"வளைவு இருந்தா நம்ம வார்டுக்கு ஒரு கெத்துதாம் வே" என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டார்கள்.

கவுன்சிலர் விஜயஸ்ரீ பேசி முடிக்கவும் சிவசைலம் எழுந்தார்.

"வளைவுதான் வேணும். அதுல எங்க அப்பா பேரப் பெரிசாப் போடணும். பஸ்ஸ விட்டா கண்ட கழுதையும் தெருவுக்குள்ள வரும்."

மண்டபமே கொதித்தது.

"இவரு அப்பா பேருக்கு ஊர்ப் பணமா?" என்று எகிறினான் எதிர்வீட்டுக் கண்ணன். "எங்க வாசப்படிய இடிக்கணும்னு கேஸ் போட்ட ஆளுதான வே! ஏலே, எல்லாரும் பஸ்ஸுக்குத் தூக்குங்கலே!"

தூக்கினார்கள். வளைவுக்குச் சிவசைலத்தின் கை ஒன்றுதான் நின்றது.

வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர் முன்னால் போய் நின்றாள் பீவி. "பாத்தீரா அண்ணாச்சி? உம்ம ஆசையில மண்ணு விழுந்துட்டு!"

அவர் பைய நிமிர்ந்தார்.

"போன கூட்டத்துல தெருவிளக்கு கேட்டேன். சாக்கடைக்கு மூடி கேட்டேன். நான் கேட்டேங்கதுக்காகவே ஒரு பய கை தூக்கல. இன்னைக்கு பஸ் வேணும்னு எந்திரிச்சுப் பேசியிருந்தேன்னு வையி, உம் மவ வேலை போயிருக்கும்லா தாயி?"